மச்சினன் விற்ற கார்

அன்றைக்கு என் ஷெட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், படம் எடுக்க வந்த டைரக்டர், அவருடைய கேமராக்காரர், கார் வியாபாரியாக நடிக்க வந்த நடிகர், வண்டி கழுவுகிற அக்கா, சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர், அவர் மனைவி. எட்டாவதாக யாரும் இல்லை. எதிரே டீக்கடை வைத்திருப்பவர், தானும் பக்கத்தில் நின்று பார்த்ததாகப் பலரிடம் சொல்லியிருக்கிறார். அவர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ரோட்டைத் தாண்டி வரவே இல்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம், நடந்ததை இப்போது கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். எப்படித் தொடங்கினாலும் நான் பொய் சொன்னேன் என்றுதான் முடிக்கிறார்கள். ஒரு பொய் சொன்னேன்தான். அது எது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பழைய கார் விற்றுக்கொடுப்பது என் தொழில். உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் போகிற ரோட்டில், ஒரு தென்னந்தோப்புக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் கிளீனர், அதே ஜீப்பில் டிரைவர். ஒருநாள் முதலாளி அந்த ஜீப்பை விற்கச் சொன்னார். விற்றுக் கொடுத்தேன். கமிஷன் என்று கையில் வந்தது மூன்று மாதச் சம்பளம். அதிலிருந்து இதுதான். கொட்டகையில் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் என்னுடையவை அல்ல. சொந்தக்காரர் கொண்டுவந்து நிறுத்தி, தனக்குக் கையில் இவ்வளவு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு மேல் விற்றால் மேற்கொண்டு வருவது எனக்கு. கீழே விற்றால் என் கையை விட்டுப் போகும். எழுதி வாங்குவதெல்லாம் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

ஒரு வண்டி உள்ளே வந்தால் நான் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்ப்பேன். காரை எவ்வளவு கழுவினாலும், உள்ளே சுருண்டு கிடக்கிற பெல்ட்டைக் கழுவ யாருக்கும் தோன்றாது. கேரளாவில் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே சேறு கோடு போட்டிருக்கும். பிறகு தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்ப்பேன். பிறகு காந்தத்தை எடுத்துக்கொண்டு நாலு கதவையும் தடவுவேன். ஒட்டாத இடத்தில் அடிபட்டுப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனையும் முடிந்த பிறகு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பேன். வாங்க வருகிறவரிடமும் அப்படித்தான். ஆதார் அட்டையை வாங்கி மூன்று தரம் முகத்தோடு ஒத்துப்பார்ப்பேன். விற்ற பிறகும் நிம்மதி கிடையாது. பெயர் மாற்றம் முடிகிற வரைக்கும் அந்த வண்டி எங்கே ஓடுகிறதோ, யாரை இடித்ததோ, கம்பம் மெட்டு செக்போஸ்டில் டிக்கியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

என் மனைவி சொல்வாள்: "கல்யாணத்தன்னைக்கே பொண்ணு மாறிருச்சோன்னு சந்தேகப்பட்ட ஆளு நீங்க. தாலி கட்டுறப்ப ரெண்டு தடவ குனிஞ்சு மூஞ்சியப் பாத்தீக. எங்க சனம் இன்னும் சொல்லிச் சிரிக்குது."

ரெண்டு தரம் பார்த்தது உண்மை.

எங்கள் பக்கத்துக்குச் சினிமாக்காரர்கள் வருவது புதிதல்ல. வருவார்கள், மலையையும் வயலையும் அருவியையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் இந்த டைரக்டர் வந்து என் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. துருப்பிடித்த தகரத்தில் எடுக்க என்ன இருக்கிறது? முப்பது முப்பத்தைந்து வயது, தாடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வரி ஆபீஸ் ஆளாக இருக்குமா, ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களா, இல்லை இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள் என்று யூடியூபில் போடுகிற கூட்டமா? எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, "என்ன வண்டி பாக்குறீக?" என்றேன்.

"வண்டி வேண்டாம் அண்ணே. நீங்க வேலை செய்யறதைப் பார்க்கணும்," என்றார்.

அது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு உட்கார வைத்து விவரம் சொன்னார். உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் ஒரு கார் வியாபாரி எப்படிப் பிழைத்தான் என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதாம். அதை அவர் இருபது தரம் பார்த்தாராம். அந்த ஆளை எங்கள் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, ஒரு முதலாளியிடம் கார் விற்கிற வேலைக்குச் சேர்கிறவன் கதை. அவருடைய நடிகர் என்னோடு ஐந்து நாள் இருந்து வேலை பழக வேண்டும். கடைசி நாளில் ஒரு காட்சியை இங்கேயே எடுப்பார்கள். பத்தாயிரம் ரூபாய் தருவார்கள்.

என் தொழிலில் தந்திரம் எதுவும் கிடையாது என்றேன். பிறகு, என் பெயரைப் போடக்கூடாது, போர்டைக் காட்டக்கூடாது, என் தொழில் தந்திரம் எதையும் படத்தில் வைக்கக்கூடாது என்றேன்.

"தந்திரமே கிடையாதுன்னு இப்பதானே அண்ணே சொன்னீங்க?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இரண்டு மாதமாக வண்டி எதுவும் நகரவில்லை.

போகும்போது அந்த அமெரிக்கப் படத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். நான் அதை மத்தியானங்களில், சாப்பிட்டுவிட்டு ஏதாவது ஒரு வண்டியின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். பேச்செல்லாம் இங்கிலீஷ். கீழே ஓடுகிற எழுத்தும் இங்கிலீஷ். நான் எழுத்துக்கூட்டி ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். இரண்டாவது நாளோடு படிப்பதை விட்டுவிட்டு ஆளை மட்டும் பார்த்தேன். அதில்தான் எல்லாம் புரிந்தது.

தொப்பி வைத்த ஒல்லியான ஆள். போரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கார் கேட்கிறார்கள். புதுக் கார் வந்து சேரவில்லை. பழையதைத் துடைத்து நிறுத்தியிருக்கிறான். முக்கோணக் கொடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், நான் தொங்கவிட்டிருப்பது போலவே. ஆள் வந்தால் எழுந்து நிற்கிறான், ஆனால் உடனே கிட்டே போவதில்லை. பன்னிரண்டு பதிமூன்று எட்டு தள்ளியே நிற்கிறான். வந்தவன் கதவைத் தொட்ட பிறகுதான் நகர்கிறான். அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவசரப்பட்டுக் கிட்டே போய் இரண்டு பேரை இழந்த பிறகு தெரிந்துகொண்டேன். ஓரிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியின் மீட்டருக்கடியில் கையை விடுகிறான். ஓடின மைலைக் குறைக்கிறான் என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த இடத்தில் போனை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதைச் செய்ததில்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு வந்த டைரக்டர், நானும் செய்கிறவன் என்றுதானே நினைத்திருப்பார்? ஐந்து நாளும் என் கையையே பார்க்கத்தான் வந்திருக்கிறாரோ?

இன்னொரு இடம். வண்டி பார்க்க வந்த ஒருவன், நல்ல சட்டை போட்டவன், எல்லாவற்றையும் பார்த்து முடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். தொப்பிக்காரன் சிரித்தபடி கையாட்டுகிறான். அவன் திரும்பியதும் முகம் அப்படியே தொங்கிப்போகிறது. என்ன சொல்லியிருப்பான் என்று எழுத்தைப் படிக்காமலே எனக்குத் தெரியும். 'நாளைக்கு வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்றிருப்பான். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் வருவதே இல்லை. அமெரிக்காவிலும் வருவதில்லை போலிருக்கிறது.

நடிகர் வந்து சேர்ந்தார். பெரிய நடிகர் இல்லை. எங்கோ பார்த்த முகம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். இப்போது நான் சொன்ன பொய்க்கு வருகிறேன். ஷெட்டில் சினிமாக்காரன் இருக்கிறான், கேமரா இருக்கிறது என்று தெரிந்தால் வாங்க வருகிறவர்கள் பயந்து போய்விடுவார்கள், வண்டியை நிறுத்தியவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குக் கவலை. அதனால் டீக்கடைக்காரர் விசாரித்தபோது, "என் மச்சினன். மெட்ராசுல இருந்தான். தொழில் பழக வந்திருக்கான்," என்றேன்.

டீக்கடைக்காரர் குமுளிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. என் பெண்வீட்டார் யாரையும் அவருக்குத் தெரியாது. "அளியனா? கொள்ளாம், கொள்ளாம்," என்று மலையாளத்தில் மச்சினனை மெச்சி, அவருக்கு என்று தனியாக ஸ்ட்ராங்காக ஒரு டீ கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலத்துக்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் நடிகர் என் மச்சினன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "எனக்கு எங்கிட்டிருந்து தம்பி வந்தான்? எங்க ஆத்தா போய்ச் சேந்து பதினஞ்சு வருசமாச்சு," என்றாள்.

நடிகர் வேலையைப் பிடித்துக்கொண்ட வேகம் எனக்கு நல்லதாகப் படவில்லை. வருகிறவரின் செருப்பை முதலில் பாருங்கள், தேய்ந்த செருப்பு போட்டவர்தான் வாங்குவார், பளபளக்கிற செருப்பு சும்மா சுற்றிப் பார்க்க வந்தது என்று முதல் நாள் சொன்னேன். மறுநாள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாவிக்கொத்தை நான் பிடிப்பது மாதிரியே பிடித்தார். விலை சொல்வதற்கு முன் நான் ஒரு பெருமூச்சு விடுவேனாம், எனக்கே தெரியாது, அவர் விட்டுக் காட்டினார். வண்டி கழுவுகிற அக்கா வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, நீங்களே ரெண்டா நிக்கிற மாதிரி இருக்கு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருவன் என்னை முழுக்கக் கற்றுக்கொண்டு போனால், அதை வைத்து என்ன செய்வான் என்றுதான் மனதில் ஓடியது.

அந்த வாரம் என் ஷெட்டில் நின்றதில் நல்ல வண்டி ஒன்றுதான். வெள்ளைச் சின்னக் கார், ஒரே கை ஓட்டியது. உத்தமபாளையத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்காவுடையது. அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது, ஓட்ட ஆளில்லை. அக்கா வண்டியை விட வந்தபோது நான் பெல்ட்டை இழுக்கவில்லை, காந்தம் வைக்கவில்லை. என் மகள் பிறந்தபோது பிரசவ வார்டில் இருந்தவர் அவர்.

"தம்பி, எனக்குக் கையில ரெண்டு எம்பது வேணும். மக நர்சிங் கடைசி வருசம். மாசக் கடைசிக்குள்ள காலேஜுல கட்டலைன்னா பரிச்சைக்கு விடமாட்டாகளாம். வேற எங்கிட்டும் நான் வண்டியக் காட்டல. உங்களத்தேன் நம்பி விடுறேன்," என்றார்.

"ரெண்டு எம்பது உங்க கையில இருக்கும்க்கா," என்றேன். மூன்று பத்துக்குப் போகும் வண்டி. எனக்கும் முப்பதாயிரம் நிற்கும்.

கடைசி நாள் எடுக்கிற காட்சிக்கு டைரக்டர் அந்த வெள்ளைக் காரைத்தான் கேட்டார். வெயிலில் நன்றாக விழுமாம். கதை இதுதான்: அன்றைக்குள் ஒரு வண்டி விற்காவிட்டால் அந்தப் பட்டாளத்துக்காரனுக்கு வேலை போய்விடும். அதனால் நஷ்டத்துக்கு விற்கிறான்.

"இந்த வண்டியை எவ்வளவுக்குக் கொடுத்தா உங்க வயிறு எரியும் அண்ணே?" என்று கேட்டார்.

"ரெண்டு முப்பத்தஞ்சுக்குக் கேட்டா வெரட்டிருவேன்," என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அந்த எண்ணை நானேதான் கொடுத்தேன்.

வாங்குகிறவர்களாக மதுரையிலிருந்து ஒரு நாடகக் குழுத் தம்பதி வருவார்கள் என்றார். எப்படிப்பட்ட ஆள் பேரம் பேசுவதில் கெட்டி என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தார். திராட்சைத் தோட்டக்காரர்கள், அதிலும் புருசன் பெண்டாட்டியாக வந்தால் தப்பிக்கவே முடியாது என்று சொல்லியிருந்தேன். அப்படியே அவர்களுக்கு வேஷம் சொல்லியனுப்பியிருக்கிறாராம். எப்போது வருவார்கள் என்று நடிகருக்குச் சொல்லப்போவதில்லை. உண்மையான வியாபாரம் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. கேமராக்காரர் ஒரு பழைய ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டார். டைரக்டரும் நானும் பின்னால் தகரக் கதவு மறைவில் நின்றோம்.

பதினொன்றரை மணி இருக்கும். எதிரே டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு புருசன் பெண்டாட்டி ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். நான் அவர்களைத் தலையிலிருந்து கால் வரை அளந்தேன். என் தொழிலே அதுதானே. அவர் செருப்பு தேய்ந்திருந்தது. நகக்கண்ணில் நீலம் ஏறியிருந்தது. திராட்சைக்கு மருந்தடிக்கிற மயில்துத்தம் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் போகாது. அடேயப்பா, நகத்துக்குக்கூட மேக்கப் போட்டிருக்கிறார்களே என்று வியந்தேன். டைரக்டர் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். மதுரைக்காரர்களை அவரும் நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பேசியிருக்கிறார்.

நடிகர் பன்னிரண்டு எட்டு தள்ளி நின்றார். தோட்டக்காரர் கதவைத் தொட்ட பிறகு நகர்ந்தார்.

"என்ன ரேட்டுத் தம்பி?"

"மொதல்ல உள்ள உக்காந்து பாருங்க மாமா. ரேட்டு எங்கிட்டும் ஓடிராது."

அந்த அம்மா குறுக்கே வந்தார். "உக்காந்தாப் பிடிச்சிரும். பிடிச்சது தெரிஞ்சா ரேட்டு ஏறிரும். நின்னுக்கிட்டே கேளுங்க."

"எங்க வீட்ல சொன்னா சரிதேன். சொல்லுங்க தம்பி."

நடிகர் பெருமூச்சு விட்டார். "மூணு பத்து."

"மூணு பத்தா? இதுல நாலு சக்கரந்தேன இருக்கு?"

"அஞ்சாவது டிக்கியில இருக்கு அத்தை."

"அது மொட்டையா இருக்கும்."

டிக்கியைத் திறந்து காட்டினார். அந்த அம்மா குனிந்து டயரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மொட்டையில்ல. தலை வாரலாம்," என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று டைரக்டர் காதில் சொன்னேன். அவர் பேசாதீர்கள் என்று கை காட்டினார்.

இந்தத் தடவை மழையில் குலையெல்லாம் வெடித்துப் போனதைத் தோட்டக்காரர் சொன்னார். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள், சுருளிப்பட்டியிலிருந்து ஆட்டோவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது என்றார். மூன்று பத்து இரண்டு தொண்ணூறு ஆனது, இரண்டு அறுபது ஆனது. அந்த அம்மா, "வாங்க போவம், சின்னமனூர்ல ரெண்டு வண்டி நிக்கிதாம்," என்று நடக்க ஆரம்பித்தார்.

"அத்தை, நில்லுங்க," என்றார் நடிகர். "ரெண்டு முப்பத்தஞ்சு."

இருவரும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுக்குத் தம்பி திடுதிப்புன்னு இம்புட்டு எறக்குறீக?" என்றார் தோட்டக்காரர். "வண்டியில என்ன கோளாறு?"

"கோளாறு வண்டியில இல்ல மாமா. இன்னைக்குள்ள ஒரு வண்டி வித்தாகணும் எனக்கு."

"ஓனரு ஒத்துக்குவாரா?" என்று அந்த அம்மா கேட்டார். "நீங்க மச்சினன்தேனே?"

"எங்க அக்கா வீட்டுக்காரருதேன். எஞ்சொல்லத் தட்டமாட்டாக."

அவர் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கியது. அந்த அம்மா துணிப்பையிலிருந்து இரண்டு ஐநூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் எடுத்தார். நடிகரைத் தோளைப் பிடித்துக் கிழக்குப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். கண்ணில் ஒற்றி அச்சாரத்தைக் கையில் வைத்தார். நடிகரும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே, "இனி இது உங்க வீட்டு வண்டி," என்றார்.

அப்போது வண்டி கழுவுகிற அக்கா பின்பக்கமாக வந்தார். முகம் சரியில்லை.

"அண்ணே, எதுக்கு அம்புட்டுக் கொறச்சலாக் குடுக்குறீக? அது அந்த நர்ஸம்மா வண்டில்ல?"

"சும்மா இரு. ஷூட்டிங்கு. அவுக மதுர நாடகக்காரவுக."

"யாரு, இவுகளா? இவுக எங்கிட்டு நாடகத்துக்குப் போனாக? எங்க சித்தி தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். போன வருசம் இவுகட்டத்தேன் பழம் பறிக்கப் போனேன்."

டைரக்டரின் போன் அதிர்ந்தது. எடுத்துக் கேட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. மதுரைத் தம்பதி வந்த பஸ் ஆண்டிபட்டியில் நிற்கிறதாம். இன்னும் இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பொய்யர்கள் என்று சந்தேகப்பட்டு, பிறகு உண்மையானவர்கள் என்று தெரிந்து வெட்கப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் மனதோடு போயிற்று. இந்த ஒரு தடவை அது கொட்டகைக்கு முன்னால், அடுத்தவர் காரில் வந்து நின்றது.

நான் வெளியே போனேன். அந்த அம்மா அதற்குள் முன் சீட்டில் உட்கார்ந்து, பையிலிருந்த குங்குமத்தை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துவிட்டிருந்தார்.

"அய்யா, ஒரு தப்பு நடந்துபோச்சு. இது சினிமா. இவரு நடிகரு. இந்த விலை நெச விலை இல்ல."

தோட்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எது சினிமா? நான் குடுத்த ரூவாயா?"

"இவரு என் மச்சினன் இல்லய்யா."

"மச்சினன்னு டீக்கடையில சொன்னாக. நீங்கதேன் சொன்னதாச் சொன்னாக. அவுக பொய் சொல்றாகளா, நீங்க சொன்னீகளா?"

நான் எதிரே டீக்கடையைப் பார்த்தேன்.

"விலை கொறஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சதும் மச்சினன் இல்லங்கிறீக. நாளைக்கு வண்டியே இல்லன்னு சொல்வீக," என்றார் அந்த அம்மா, சீட்டை விட்டு இறங்காமல்.

டைரக்டர், உண்மையிலேயே படம்தான் எடுத்தோம் என்று நிரூபிக்க, கேமராவைக் கொண்டுவரச் சொல்லி எடுத்ததை ஓடவிட்டுக் காட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. அந்தச் சின்னத் திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "அந்தா, நான் குடுக்கேன். அந்தா, கண்ணுல ஒத்தி வாங்குறாரு. உங்க வண்டின்னு சொல்றாரு. இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார்.

தோட்டக்காரரும் இரண்டு தரம் பார்த்தார். பிறகு, "இத அழிச்சிராதீக தம்பி. எங்களுக்குச் சாட்சி," என்று கேமராக்காரரிடம் சொன்னார்.

டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, அச்சாரத்தோடு இன்னும் ஓர் ஆயிரம் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடலாமே என்றார். எங்கள் பக்கம் அவருக்குப் புரியவில்லை. திராட்சைக் கொடியில் காய் இருக்கும்போதே அச்சாரம், தேங்காய்க்கு அச்சாரம், ஏலக்காய்க்கு, மாட்டுக்கு, வீட்டுக்கு. நூற்றியொரு ரூபாயை நம்பி இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கு மரத்தில் காத்திருக்கும். வண்டி கழுவுகிற அக்கா எனக்குப் பதிலாகச் சொன்னார்: "வாங்குன கையி திருப்பிக் குடுத்துச்சுன்னு தெரிஞ்சா, நாளைக்கு யாரு சார் இங்கன வண்டி கொண்டாந்து நிறுத்துவா?"

இரண்டு முப்பத்தைந்துக்கே கொடுத்தேன். மூன்றாம் நாள் தோட்டக்காரர் முழுப் பணமும் கொண்டுவந்தார். பெயர் மாற்றத்துக்குத் தேனிக்கு அவரே கூட வந்தார். குறை சொல்ல முடியாத மனுஷர். இருந்தாலும் எனக்கு இன்றைக்கும் ஒரு நெருடல். ஜீப்புக்குள் கேமரா இருப்பதை டீக்கடையிலிருந்து பார்க்க முடியும். டீ குடிக்கும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களா? பார்த்திருந்தால், அச்சாரத்தைக் கிழக்குப் பார்த்து, ஜீப்புக்கு நேர் எதிரே நின்று ஏன் கொடுத்தார்கள்? கிழக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பணத்தை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனேன். நர்ஸ் அக்கா டீ போட்டுக் கொடுத்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அமெரிக்கப் படம், நடிகர், மதுரைத் தம்பதி, ஆண்டிபட்டியில் நின்ற பஸ். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. உள்ளறையில் படுத்திருந்த அவர் வீட்டுக்காரர் இருமுவது நின்று, கவனித்துக் கேட்பது தெரிந்தது.

அக்கா நோட்டுக் கட்டை எண்ணிப் பார்த்தார். நாற்பத்தைந்தாயிரம் குறைகிறது.

"உங்க வீட்ல கூடப் பொறந்த தம்பியே கெடையாதே," என்றார். "பிரசவத்துக்கு வந்தப்ப, எனக்கு யாருமில்லைன்னு சொல்லி அழுதுச்சு."

"அதேன்க்கா சொல்றேன். அது நடிகரு."

"மச்சினன் வித்துட்டான்னு ஊரெல்லாம் சொல்றாக. நீங்க சினிமாங்கிறீக." நோட்டுக்கட்டை ரப்பர் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். "வித்த காசக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன், கஷ்டம்னு சொல்லியிருந்தா எனக்குச் சங்கடமே இல்ல தம்பி. இம்புட்டுப் பெரிய கதைய எதுக்குச் சொல்றீக?"

அவர் சத்தம் போடவில்லை. கோபம்கூட இல்லை. வண்டி பார்க்க வருகிறவர்களை நான் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். முகத்தை, பிறகு கையை, பிறகு மறுபடியும் முகத்தை. அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காலேஜ் கட்டணத்துக்கு அக்கா தன் சங்கிலியை அடகு வைத்தார். மகள் பரீட்சை எழுதிவிட்டாள். எடுத்த படத்தைக் காட்டினாலாவது நம்புவார் என்று டைரக்டரிடம் அந்தத் துண்டை மட்டும் அனுப்பச் சொன்னேன். படம் வெளிவரும் முன் அனுப்ப முடியாது என்றார். குறைகிற நாற்பத்தைந்தாயிரத்துக்குத் தயாரிப்பாளரிடம் பேசுவதாகச் சொன்னார். இப்போது போன் எடுப்பதில்லை. படம் முடிந்ததா, அப்படி ஒரு படம் இருந்ததா என்றே சில நாள் எனக்குத் தோன்றுகிறது. எதற்கும் அந்தத் தொப்பிக்காரன் படத்தை என் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறேன். அது இருக்கிறது என்பதாவது நிச்சயம்.

சினிமாக்காரர்கள் கொடுத்த பத்தாயிரத்தை மறுநாளே அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வண்டி விற்றதில் மிச்சம் பிடித்துப் பன்னிரண்டாயிரம் கொடுத்திருக்கிறேன். போகும்போதெல்லாம் டீ தருகிறார்; வாங்கியதை என் கண் முன்னாலேயே நோட்டில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கையெழுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை. அந்த நோட்டின்படி நான் இன்னும் தர வேண்டியது இருபத்துமூவாயிரம் ரூபாய்.